விளக்கு முதலில் எரிந்த ஊர் எது?

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் சிறுவர்க்கென நடத்திய வினாடி வினாப் போட்டியை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாற்காலிகள் போதாமையால் பலர் நின்றுகொண்டே கண்டு களித்த நிகழ்ச்சி அது. வினாக்களைத் தொகுத்தவர்கள் நாமே. இறுதிச் சுற்றில் இரண்டு அணிகளும் சம நிலையில் நின்றபோது, "ஆசியாவிலேயே முதன்முதலில் மின்விளக்கு எரிந்த நகரம் எது?" என்று கேட்டோம். நம் கையிலிருந்த தாளில் "பெங்களூர்" என்று எழுதியிருந்தது. முதலில் மணியை அழுத்திய சிறுமி சற்றும் தயங்காமல், "கோலார் தங்கவயல்" என்றாள். தவறு என்றோம். வினா அடுத்த அணிக்குச் சென்றது. அவர்கள் "பெங்களூர்" என்றார்கள். கைதட்டல் எழுந்தது, பரிசும் அவர்களுக்கே போயிற்று.

அப்போது பின்வரிசையிலிருந்து முதியவர் ஒருவர் எழுந்தார். அச்சிறுமியின் பாட்டனார், தங்கச் சுரங்கத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். "ஐயா, பிள்ளை சொன்னதில் என்ன தவறு? பெங்களூருக்கு வெளிச்சம் வருமுன்பே எங்கள் ஊருக்குக் கம்பி வந்துவிட்டதே!" என்று கேட்டார். நடுவர் தீர்ப்பே இறுதியானது என்னும் விதியைக் காட்டி அவரை அமரச் செய்தோம். அவர் அமர்ந்துவிட்டார். நம் மனந்தான் அமரவில்லை. விழா முடிந்து பந்தற்கால்களைப் பிடுங்கும்போதும் அவ்வினாவே நம்மைத் துளைத்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து நாம் தேடிப் படித்தவற்றை இம்மலரின் வாயிலாக அன்பர்கள் முன் வைக்கின்றோம். வினாடி வினா என்னும் விளையாட்டு எங்கே பிறந்து, எவ்வழியாக நம் நகருக்கு வந்து சேர்ந்தது என்பதையும் உடன் கூறுதல் பொருத்தமாகும்.

வினாவினை வகுத்தறிவதில் தமிழர் பிறர்க்குப் பின்தங்கியவர் அல்லர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பகுக்கின்றது. கடைக்காரரிடம் பருப்பு இருக்கிறதா என்று கேட்பது ஒருவகை. அஃது ஒன்றைக் கொள்ளுதற்கு எழுந்த வினா. ஆடையில்லாதவரைப் பார்த்து உமக்கு உடை இல்லையோ என்று கேட்பது கொடுத்தற்கு எழுந்த வினா. ஐயத்தால் கேட்பதும், ஒருவரை ஒரு செயலில் ஏவுதற்காகக் கேட்பதும் வேறு இரு வகைகள். எஞ்சிய இரண்டே ஈண்டு நமக்கு இன்றியமையாதவை. தனக்கு விடை தெரிந்திருந்தும், மாணவர்க்குத் தெரியுமா என்று அறிய ஆசிரியர் கேட்பது அறிவினா. தனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தவரிடம் கேட்பது அறியா வினா. தொலைக்காட்சியில் இன்று கோடிக்கணக்கான மக்கள் கண்டு மகிழும் போட்டிகள் அனைத்தும் அறிவினாவின் வழிவந்தவை. கேட்பவர் கையில் விடைத்தாள் இருக்கின்றது. முதியவர் நம்மைக் கேட்டதும் அறிவினாதான். விடை அவருக்குத் தெரிந்திருந்தது. விடைத்தாள் வைத்திருந்த நமக்கே தெரிந்திருக்கவில்லை.

இடையே ஒரு செய்தி. பவணந்தியாரை ஆதரித்து நன்னூலைச் செய்வித்த சீயகங்கன் கங்கர் மரபினன். குவளாலபுரம் என்னும் ஊர்ப்பெயரைத் தன் பட்டப்பெயரில் தாங்கியவன். குவளாலபுரம் என்பது இன்றைய கோலாரே ஆகும். வினாவின் இலக்கணம் கூறிய தமிழ் நூலுக்கும் கோலாருக்கும் இத்தகைய உறவு உண்டு என்பதை அச்சிறுமி அறிந்திருந்தால் நம்மை இன்னும் மடக்கியிருப்பாள்.

'வினாடி வினா' என்னும் தொடரும் அழகானதே. நம் முன்னோர் கணக்கில் அறுபது விநாடி கொண்டது ஒரு நாழிகை. நாழிகை 24 நிமிடம். ஆகவே பழைய விநாடி என்பது 24 நொடிப்பொழுது. போட்டிகளில் ஒரு வினாவிற்குக் கொடுக்கப்பெறும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவே. பெயரிட்டவர் இதனை எண்ணித்தான் இட்டாரோ, ஓசை நயங்கருதி இட்டாரோ, பொருந்திவிட்டது!

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'குவிஸ்' என்னும் சொல்லின் பிறப்பைப்பற்றி ஒரு கதை உலவுகின்றது. டப்ளின் நகரத்தில் நாடகக் கொட்டகை நடத்திய ரிச்சர்டு டாலி என்பவர், பொருளே இல்லாத ஒரு சொல்லை ஒரே நாளில் ஊரெங்கும் பேசவைப்பதாக 1791 இல் பந்தயம் கட்டினாராம். இரவோடிரவாகச் சுவர்களில் எல்லாம் அச்சொல்லைச் சுண்ணக்கட்டியால் எழுதச் செய்து வென்றாராம். கேட்க இனிய கதை. ஆனால் அதற்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகட்கு முன்பே, 1780-களின் தொடக்கத்தில், விந்தையான மனிதரைக் குறிக்கும் பொருளில் அச்சொல் எழுத்தில் வந்துவிட்டது. ஆக, வினாடி வினாவைக் குறிக்கும் சொல்லே ஒரு பொய்யான வினாடி வினா விடையைத் தன் முதுகில் சுமந்து திரிகின்றது. பொது அறிவுத் துணுக்குகளைக் குறிக்கும் 'டிரிவியா' என்னும் மற்றொரு சொல்லோ, மூன்று தெருக்கள் கூடும் இடத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து கிளைத்தது. முச்சந்தியில் நின்று பேசும் பேச்சு என்று நாம் கொள்ளலாம். முச்சந்திப் பேச்சில் மெய்யும் உண்டு, பொய்யும் உண்டு. இரண்டும் ஒரே வேகத்தில் நடக்கும்.

இவ்விளையாட்டிற்கு முதல் அரங்கம் அமைத்தது வானொலி. அமெரிக்காவில் 1936 இல் பேராசிரியர் குவிஸ் என்னும் பெயரால் ஒரு நிகழ்ச்சி தோன்றியது. 1938 இல் தொடங்கிய வேறொன்றில் முறை தலைகீழாக இருந்தது. நேயர்கள் வினா விடுப்பர். அறிஞர் குழு விடை கூறவேண்டும். அறிஞரை மடக்கிய நேயருக்குப் பணப் பரிசும், பின்னாளில் கலைக்களஞ்சியத் தொகுதியும் கிடைத்தன. நமக்கு இம்முறையே மிகவும் பிடித்திருக்கின்றது. பின்வரிசையில் இருப்பவர் எழுந்து கேட்டால் மேடையில் இருப்பவர் விடை தேடவேண்டும் அல்லவா?

தொலைக்காட்சி வந்ததும் பரிசுத் தொகை வானளாவ உயர்ந்தது. 1955 இல் அமெரிக்காவில் 64,000 டாலர் பரிசுடன் ஒரு போட்டி தொடங்கியது. அதனைத் தொடர்ந்து வந்த 'இருபத்தொன்று' என்னும் போட்டியில் நிகழ்ந்ததை நாம் சற்று விரித்துரைக்கத்தான் வேண்டும். எர்பர்ட் ஸ்டெம்பல் என்பவர் வாரந்தோறும் வென்றுகொண்டிருந்தார். நிகழ்ச்சி நடத்துவோருக்கு அவரைவிடப் பொலிவான ஒருவர் வெல்வது தேவைப்பட்டது. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த சார்லசு வான் டோரன் என்பவரைத் தேர்ந்தனர். வினா விடைகளை முன்னதாகவே அவருக்குச் சொல்லிக்கொடுத்தனர். 1956 டிசம்பர் 5 ஆம் நாள் ஸ்டெம்பல் தோற்கவேண்டும் என்று ஆணை. 1955 ஆம் ஆண்டின் சிறந்த திரைப்படத்துக்கான ஆஸ்கர் பரிசு எதற்குக் கிடைத்தது என்பது வினா. 'மார்ட்டி' என்பது விடை. ஸ்டெம்பல் மிகவும் விரும்பிப் பலமுறை பார்த்த படம் அது! தெரிந்த விடையை விழுங்கிவிட்டு, வேறொரு படத்தின் பெயரைக் கூறும்படி அவரைப் பணித்தனர். அவரும் அவ்வாறே கூறினார். பின்னர் உண்மை வெளிப்பட்டு, 1959 நவம்பரில் வான் டோரன் அமெரிக்கப் பேரவைக் குழுவின் முன் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். போட்டிகளை இவ்வாறு முன்கூட்டியே முடிவு செய்தல் குற்றம் என்று 1960 இல் சட்டமே இயற்றினர். அறிந்த விடையை அறியாதவர்போல் மாற்றிச் சொன்ன அந்த மனிதரின் நெஞ்சு அன்றிரவு என்ன பாடு பட்டிருக்கும்!

பிரிட்டனில் பல்கலைக்கழக மாணவர்க்கான போட்டி 1962 இலும், கருநிற நாற்காலியில் தனியே அமரச் செய்து கேட்கும் 'மாஸ்டர்மைண்ட்' 1972 இலும் தொடங்கின. அந்நாற்காலியை அமைத்த பில் ரைட் என்பவர், இரண்டாம் உலகப் போரில் செருமானியரிடம் சிறைப்பட்டு விசாரணைக்கு ஆளானவர். முகத்தில் ஒளி பாய, எதிரில் கேள்வி கேட்பவர் அமர, நாற்காலியில் ஒற்றை மனிதர் இருக்கும் அக்காட்சி அவ்விசாரணை நினைவிலிருந்தே எழுந்ததாம்.

நம் நாட்டில் இதனை முறைப்படி தொடங்கிவைத்த பெருமை கல்கத்தாவிற்கு உரியது. 1967 இல் நீல் ஓப்ரையன் அங்கு ஒரு தேவாலயத்தைச் சார்ந்த மண்டபத்தில் பொதுமக்கட்கான போட்டியை நடத்தினார். 1972 இல் போர்ன்விட்டா வினாடி வினா பிறந்தது. வானொலியில் அமீது சயானியும், 1975 இல் அவர் மறைந்தபின் அவர்தம் இளவல் அமீன் சயானியும் அதனை நடத்திய காலத்தில், ஞாயிறு நண்பகலில் வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்த குடும்பங்கள் நம்முள் பல உண்டு. 1985 இல் சித்தார்த்த பாசு தூர்தர்சனில் நடத்திய 'குவிஸ் டைம்' கல்லூரி மாணவரைத் திரையில் கொணர்ந்தது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1983 இல், நம் பெங்களூரில் கர்நாடக வினாடி வினாக் கழகம் நிறுவப்பெற்றது. விமானப்படையில் பணிபுரிந்த ஜி. ஆர். முல்கி அதன் முன்னோடிகளுள் ஒருவர். பரிசை நாடாமல் வினாவின் சுவைக்காகவே கூடும் பழக்கத்தை இந்நகரில் வேரூன்றச் செய்தது அக்கழகம்.

பின் வந்தது கோடியின் காலம். பிரிட்டனில் 1998 இல் தோன்றிய போட்டியைத் தழுவி, 2000 சூலை 3 ஆம் நாள் அமிதாப் பச்சன் நடத்த, 'கௌன் பனேகா குரோர்பதி' தொடங்கியது. தமிழில் 2012 இல் நடிகர் சூர்யாவும், கன்னடத்தில் அதே ஆண்டு புனீத் ராச்குமாரும் அதன் வடிவங்களை நடத்தினர். 2020 சனவரியில் ஒளிபரப்பான தமிழ்க் 'கோடீசுவரி'யில், செவிப்புலனும் பேச்சும் அற்ற மதுரைப் பெண்மணி ஒருவர் ஒரு கோடி ரூபாய் வென்றதை நம்மில் பலர் கண்ணீர் மல்கப் பார்த்தோம். இப்போட்டியில் ஒரு கணக்கு உண்டு. நான்கு விடைகளுள் ஒன்று சரியானது. முதலில் வந்த அமைப்பில் பதினைந்து வினாக்கள். ஏதும் அறியாத ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பதினைந்தையும் குறிபார்த்தால், 107 கோடியே 37 இலட்சத்து 41 ஆயிரத்து 824 முறைக்கு ஒரு முறையே வெல்ல இயலும். ஊழ் மட்டும் கைகொடுக்காது, படித்திருக்கவும் வேண்டும்.

இவையெல்லாம் ஒருபுறம் இருக்க, பெங்களூர்த் தூர்தர்சனின் சந்தனா அலைவரிசையில் 2002 இல் தொடங்கி ஆயிரக்கணக்கான நிகழ்ச்சிகளாக வளர்ந்த 'தட் அந்த ஹேளி'யைப் பற்றிக் கூறாமல் மேற்செல்ல நம்மால் இயலாது. 'சட்டென்று சொல்லுங்கள்' என்பது அதன் பொருள். நடத்துபவர் மருத்துவர் நா. சோமேசுவரர். கோடி இல்லை, இலட்சம் இல்லை; சரியான விடைக்குப் பரிசு கன்னட நூல். இலக்கியம், புராணம், அறிவியல், சொல்விளையாட்டு என வினாக்கள் கலந்து வரும். பேச்சுக் கன்னடத்தைக் கடைத்தெருவில் கற்றுக்கொண்ட நம் வீட்டு முதியோர் பலர்க்கு ஏட்டுக் கன்னடத்தை இனிமையாக ஊட்டியது இந்நிகழ்ச்சி. நம் சங்கப் போட்டிகளில் பணத்தை விடுத்து நூல்களைப் பரிசாக வழங்கும் வழக்கத்தை நாம் கற்றதும் அங்கிருந்தே என்பதை ஒளிக்க வேண்டுவதில்லை.

இனி, நம் நகரைப் பற்றிய வினாக்களுக்கு வருவோம். பெங்களூர் என்னும் பெயர் எவ்வாறு வந்தது என்று கேட்டால், பள்ளிப் பிள்ளைகள் உடனே வெந்த அவரைக் கதையைச் சொல்வர். போசள மன்னன் வீரபல்லாளன் வேட்டையில் வழிதவறி வர, முதியவள் ஒருத்தி வெந்த காளு, அதாவது வேகவைத்த பயறு, கொடுத்துப் பசி தீர்த்தாளாம். அதனால் 'பெந்த காளூரு' ஆயிற்றாம். அம்மன்னன் ஆண்டது 1173 முதல் 1220 வரை. பேகூர்க் கோயிலில் உள்ள, ஏறத்தாழக் கி.பி. 890 ஐச் சேர்ந்த வீரக்கல்லோ பெங்களூரில் நடந்த போரைக் குறிக்கின்றது. மன்னன் பசியெடுத்து வருவதற்கு மூன்று நூற்றாண்டு முன்பே ஊருக்குப் பெயர் இருந்திருக்கின்றது! மடிவாளம் சோமேசுவரர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டொன்று, 1247 ஆம் ஆண்டினது, 'வெங்களூர்ப் பெரிய ஏரி'யின் கீழுள்ள நிலத்தைக் கொடையாக அளித்ததைக் கூறுகின்றது. வெங்களூர் என்று தமிழில் கல்லிலே பொறித்தவர்கள் யாவர், எந்த ஊரிலிருந்து வந்தவர்கள், ஏரிக்கரையில் என்ன பயிரிட்டார்கள் என்பவற்றை எந்தப் போட்டியிலும் எவரும் கேட்பதில்லை. அவரைக்காய் மட்டும் ஆண்டுதோறும் மேடையேறுகின்றது.

அல்சூர் ஏரிக்கரையில் உள்ள திருவள்ளுவர் சிலை எந்த ஆண்டு திறக்கப்பெற்றது என்பது நம் போட்டிகளில் தவறாது இடம்பெறும் வினா. 2009 என்பது விடை. அவ்வாண்டு ஆகத்து 9 ஆம் நாள். ஆனால் அச்சிலை 1991 இலேயே வந்து, மூடிய கோலத்தில் பதினெட்டு ஆண்டுகள் நின்றது. அவ்வழியே நடந்துபோன நம்மவர் அத்துணி மூட்டையைப் பார்த்துப் பெருமூச்செறிந்த ஆண்டுகள் அவை. சிலை திறந்த நான்காம் நாள், ஆகத்து 13 இல், கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை சென்னையில் திறக்கப்பெற்றது. 'இரண்டாயிரத்து ஒன்பது' என்னும் ஒரே சொல்லில் இவ்வளவும் அடங்குமா? மணி அடித்தவுடன் அடுத்த வினாவிற்குப் போகவேண்டியிருக்கின்றது.

சில விடைகள் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டே உண்மையாகி விடுகின்றன. அமெரிக்காவில் பிரெட் வொர்த் என்பவர் பொதுஅறிவுத் துணுக்குகளைத் தொகுத்து 1974 இல் நூலாக வெளியிட்டார். தம் நூலைத் திருடுவோரைக் கண்டுபிடிக்க அதில் வேண்டுமென்றே ஒரு பொய்யைப் புகுத்தினார். தொலைக்காட்சித் துப்பறிவாளர் கொலம்போவின் முதற்பெயர் பிலிப் என்பது அப்பொய். பின்னர் வந்த 'டிரிவியல் பர்சூட்' என்னும் புகழ்பெற்ற விளையாட்டின் அட்டை ஒன்றில் அதே பிலிப் தலைகாட்டினார்! வொர்த் 1984 இல் முப்பது கோடி டாலர் இழப்பீடு கேட்டு வழக்கிட்டார். செய்திகள் எவர்க்கும் தனியுடைமை ஆகா என்று வழக்கு தள்ளுபடியாயிற்று. நாமும் ஒரு நூலைப் பார்த்து, அந்நூல் வேறொரு நூலைப் பார்த்து எழுதியதை அறியாமல், மின்விளக்கு வினாவைத் தாளில் எழுதிவிட்டோம். கொலம்போவின் பிலிப்பைப் போன்றதுதான் நம் 'ஆசியாவிலேயே முதலாவது.'

உண்மை என்ன என்பதை முறையாகக் காண்போம். பெங்களூரில் மின்விளக்கு எரிந்தது 1905 ஆகத்து 5 ஆம் நாள். இதில் ஐயமில்லை, இந்நகரம் பெருமை கொள்ளத்தக்க நாளே. ஆனால் சீனத்து ஷாங்காய் நகரிலும், சப்பானின் தோக்கியோவிலும் 1882 இலேயே தெருவில் மின்விளக்கு எரிந்தது. கல்கத்தாவில் 1899 இல் மின்னாக்க நிலையம் இயங்கியது. சென்னையில் 1895 இலேயே மின்சார டிராம் ஓடியது. நீரிலிருந்து மின்சாரம் எடுப்பதிலாவது மைசூர் நாடு இந்தியாவில் முதலாவதா என்றால் அதுவும் இல்லை. டார்ஜிலிங்கை அடுத்த சித்ராபோங்கில் 1897 இலேயே சிறியதொரு நிலையம் அமைந்துவிட்டது. ஆக, 'ஆசியாவிலேயே' என்னும் அடைமொழியை நாம் கைவிட வேண்டியதுதான். கைவிட்டபின் எஞ்சும் வரலாறோ அவ்வடைமொழியைக் காட்டிலும் பெரிது.

மைசூர் நாட்டின் திவானாக 1883 முதல் 1901 வரை விளங்கியவர் கு. சேசாத்திரி ஐயர். 1845 இல் பாலக்காட்டுப் பகுதியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். காவிரி சிவசமுத்திரத்தில் அருவியாய் விழும் ஆற்றலை மின்சாரமாக்கலாம் என்னும் திட்டத்தை மன்னர் அவையில் நின்று நிலைநாட்டியவர் அவர். அத்திட்டத்தை வகுத்தவர் ஜோலி டி லோத்பினியர் என்னும் பொறியியல் அதிகாரி. மின்சாரத்தை யார் வாங்குவர் என்பதே அப்போது எழுந்த கேள்வி. ஊருக்கு வெளிச்சம் போடும் எண்ணத்தில் பெருஞ்செலவு செய்ய அரசு முன்வருமா? வாங்குவோர் இருந்தது கோலாரில். 1880-களிலிருந்து ஜான் டெய்லர் நிறுவனத்தார் நிருவகித்துவந்த தங்கச் சுரங்கங்கள், நீராவி எந்திரத்திற்கு விறகும் நிலக்கரியும் வாங்கிக் கட்டுப்படியாகாமல் தவித்துக்கொண்டிருந்தன. அவை மின்சாரத்தை விலைகொடுத்து வாங்க உடன்பட்டன. அதன்மேல்தான் திட்டம் எழுந்தது. அமெரிக்காவிலிருந்து மின்னாக்கப் பொறிகளும், சுவிட்சர்லாந்திலிருந்து நீராழிகளும் வந்தன. சிவசமுத்திரத்திலிருந்து கோலார் வரை 92 மைல் கம்பி இழுத்தனர். உலகிலேயே மிக நீண்டது என்று எழுதத் துடிக்கும் பேனாவை ஈண்டும் அடக்கிக்கொள்கின்றோம். கலிபோர்னியாவில் 1901 இல் 142 மைல் தடம் அமைந்துவிட்டது. அக்காலத்து மிக நீண்ட தடங்களுள் ஒன்று என்பதே பொருந்தும். பெருமைக்கு அது போதும்.

1902 சூன் இறுதியில் அக்கம்பியில் மின்சாரம் பாய்ந்து சுரங்கத்தை அடைந்தது. சேசாத்திரி ஐயர் அதனைக் காணவில்லை. 1901 செப்டம்பரில் அவர் மறைந்துவிட்டார். கப்பன் பூங்காவில் நிற்கும் அவர்தம் சிலையை நாள்தோறும் கடந்து செல்கின்றோம். அவர் பெயர் தாங்கிய நினைவு மண்டபத்து நூலகத்தில்தான் நாம் இவற்றுள் பலவற்றைப் படித்தறிந்தோம்.

பெங்களூர்க்கு விளக்கு வந்தது மூன்றாண்டு கழித்து, அதே சிவசமுத்திரத்து மின்சாரத்தில். அதாவது, கோலாரின் தேவைக்கென எழுந்த நிலையத்திலிருந்தே நகரத்துத் தெருக்களுக்கு ஒளி கிடைத்தது. சுரங்கத்திற்குள் இறங்கியவர்கள் பெரும்பாலும் தமிழர்; வடாற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து மழை பொய்த்த ஆண்டுகளில் குடும்பத்தோடு வந்தவர்கள். பின்னாளில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சாம்பியன் சுரங்கத்தில் வெப்பத்தையும் பாறை வெடிப்பையும் தாங்கி உழைத்தவர்கள். 2001 பிப்ரவரி 28 இல் சுரங்கங்கள் மூடப்பெற்றன. அன்று முதல் அவர்தம் மக்களும் பேரரும் விடியுமுன் புகைவண்டி ஏறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து, இருட்டியபின் ஊர் திரும்புகின்றனர். சிலர் இங்கேயே குடியேறிவிட்டனர். அப்படிக் குடியேறிய வீட்டுப் பெண்தான் நம் மேடையில் மணியை அழுத்தியவள்.

ஆசியாவில் முதல் என்று பார்த்தால் அவள் விடையும் சரியன்று. பெங்களூரா கோலாரா என்று பார்த்தாலோ, அவள் நம்மைவிட மூன்றாண்டு உண்மைக்கு அருகில் நின்றாள். வினாவே பிழையானது. பிழையான வினாவிற்கு ஒருவர்க்குப் பரிசும் மற்றவர்க்குத் தோல்வியும் வழங்கியது நம் குற்றம். ஆகவே இவ்வாண்டு, விழாவிற்கு முன்னதாகவே, செயற்குழுவினர் இருவர் பரிசு நூல்களை எடுத்துக்கொண்டு அவ்வீட்டிற்குச் சென்றோம். வென்ற அணியினரிடமிருந்து எதையும் திரும்பப் பெறவில்லை. அவர்கள் செய்த பிழை ஒன்றுமில்லை.

முதியவர் நம்மை அன்புடன் வரவேற்றார். நாம் படித்தறிந்தவற்றை எடுத்துரைத்தோம். ஷாங்காயையும் தோக்கியோவையும் கேட்டுச் சிரித்தார். சிவசமுத்திரத்துக் கம்பியின் நீளத்தை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். காப்பி வந்தது. பின்னர் அவர் கேட்டார்: "சுரங்கத்துக்கு 1902, பெங்களூருக்கு 1905. சரி ஐயா. எங்கள் லைன் வீட்டுக்கு எந்த ஆண்டு? அந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறதா?"

நாம் புரட்டிய எந்த நூலிலும் அது இல்லை என்றோம். தம் சிறு வயதில் மண்ணெண்ணெய் விளக்கின் கீழ்தான் பாடம் படித்ததாக அவர் கூறினார். இரவில் தலைக்கு மேலே சுரங்கத்தின் மின்கம்பி ஓசையிடுமாம். சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பி, "இந்தா, நம் வீட்டுக்கு விளக்கு வந்தது பெரியவன் பிறந்த ஆண்டா, அதற்கு முந்தியா?" என்று குரல் கொடுத்தார்.

"பிறந்து தவழ்ந்துகொண்டிருந்தான். விளக்கைப் பிடிக்கக் கையை நீட்டினானே, நினைவில்லையா?" என்று அடுக்களையிலிருந்து விடை வந்தது.

பேத்தி தன் குறிப்பேட்டைத் திறந்து, பெரியப்பா பிறந்த ஆண்டைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.